சொல்லிவிட்டுப் போவது

மலாயாவில் எமர்ஜென்சி காலத்தில்தான் நான் சிறுபிள்ளைக் கல்வியில் மேல்படிப்பு முடித்தேன். முடித்தேன் என்று சொல்லும்போது இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்தப் படிப்பில் என்ன கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவேன்: பிள்ளையை விட்டுப் போகும்போது ஏமாற்றிவிட்டுப் போகாதே, சொல்லிவிட்டுப் போ. மற்றதெல்லாம் மறந்துவிட்டது. இது மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டு உள்ளேயும் போக மாட்டேன், வெளியேயும் வர மாட்டேன் என்கிறது.

எனக்கு ஊர் புக்கிட் ரோத்தான். தமிழ்ப்பள்ளி ஆசிரியைப் பயிற்சி முடித்து இரண்டொரு வருடம் வேலை பார்த்திருந்தேன். பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளைகளைப் பற்றி ஒரு மேல்படிப்பு தொடங்கியபோது என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் வருடம் கோலாலம்பூரில் பாடம். இரண்டாம் வருடம் ஏதாவது ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்துக்கொண்டே, ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அதன் நடவடிக்கைகளைக் கவனித்து நீண்ட கட்டுரை எழுத வேண்டும். அவ்வப்போது பஸ் ஏறிப் போய் எங்கள் விரிவுரையாளரிடம் காட்டிவர வேண்டும். அவர் வெள்ளைக்கார அம்மாள். நல்லவர். வாய் ஓயாமல் பேசுவார், ஆனால் குழந்தைகளைப் பற்றி மட்டும்தான் பேசுவார். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு இருந்தது.

எனக்குக் கொடுத்த தோட்டம் கோலா சிலாங்கூருக்கு வடக்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து செம்மண் பாதையில் வெகுதூரம் நடக்க வேண்டும். அப்போது தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட்டு. காலையில் மரம் சீவப் போகிற ஒவ்வொருவரையும் போலீஸ்காரர்கள் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். காட்டில் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். முன்பெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தவர்கள், இப்போது விடியலில் குடித்த தேத்தண்ணீரோடு மத்தியானம்வரை வேலை செய்தார்கள். இதைச் சட்டம் போட்டவர்களில் ஒருவரையாவது வெறும் வயிற்றோடு ஒரு நிரை மரம் சீவ விட்டிருக்க வேண்டும் என்று நினைப்பேன். நினைத்ததோடு சரி.

ஆயாக் கொட்டகை என்பது பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு நீண்ட அறை. உத்தரத்திலிருந்து துணித்தொட்டில்கள் தொங்கும். ஆயா ஒரு காலத்தில் மரம் சீவியவர், கால் வீங்கிப்போனதால் பிள்ளை பார்க்க விட்டிருந்தார்கள். விடிந்தும் விடியாத நேரத்தில், பெரட்டுக்கு நிறுத்தி மேற்பார்வையாளரான மண்டோர் ஆள் கணக்கெடுக்கும் முன், தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து போடுவார்கள். கைப்பிள்ளைகள் தூக்கத்திலேயே தொட்டில் மாறிவிடும். விவரம் தெரிந்த பிள்ளைகளிடம்தான் வித்தை காட்ட வேண்டியிருந்தது. கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துச் சுவரைப் பார்த்து உட்கார வைப்பார்கள். ஆயா எதையாவது காட்டிப் பேச்சுக் கொடுப்பார். அந்த நேரம் தாய், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னால் இருந்த அடுப்படிப் பக்கமாக நழுவிவிடுவாள். பிள்ளை திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். பிறகு கேட்கும் அழுகையில் தகரக் கூரையே அதிரும்.

“அம்மா வெளிக்குப் போயிருக்கு, இந்தா வந்துரும்” என்பார் ஆயா. தினமும் அதே பொய்.

எனக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் விரிவுரையாளர் இதைப் பற்றியே ஒரு வாரம் பாடம் எடுத்திருந்தார். சொல்லாமல் போனால் பிள்ளைக்கு உலகத்தின்மேலேயே நம்பிக்கை போய்விடும், சொல்லிவிட்டுப் போனால் அழும், ஆனால் நம்பும் என்பார். நான் தாய்மார்களைக் கூட்டி வைத்துப் பேசினேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

“சொன்னா காலைப் புடிச்சிக்கும் டீச்சர்” என்றாள் ஒருத்தி. “பெரட்டுக்கு லேட்டாப் போனா மண்டோர் பேரை வெட்டிருவான். அன்னிக்குச் சம்பளம் யாரு குடுப்பா?”

ஒரே ஒருத்திதான் சரி என்றாள். அவளுக்கு நான்கு வயதில் ஒரு பெண் இருந்தது. எல்லோரும் குட்டி என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அவள் வயிற்றில் இன்னொரு பிள்ளையும் இருந்தது. அவள் ஏன் ஒத்துக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே ஒருநாள் சொன்னாள், “எங்க ஆத்தா சாவறப்போகூட என்னைக் கடைக்கு அனுப்பிட்டாங்க டீச்சர். வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சிருச்சி.”

மறுநாளிலிருந்து அவள் குட்டியின் முன்னால் குந்தி, அதன் முகவாயைப் பிடித்து நிமிர்த்திச் சொல்லுவாள். “அம்மா மரம் சீவப் போறேன். மத்தியானம் ஸ்டோரு மணி அடிச்சதும் வந்துருவேன். சரியா?” முதலில் குட்டி கத்திய கத்தலில் ஆயா என்னை முறைத்துப் பார்த்தார். நான் விடவில்லை. கொஞ்ச நாளில் கத்தல் அழுகையாகி, அழுகை சிணுங்கலாகி, கடைசியில் “சரி” என்று தலையாட்டுவதோடு நின்றது. மத்தியானம் ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோரில் மணி அடித்ததும் குட்டி எங்கே இருந்தாலும் எழுந்து வாசற்படிக்கு வந்துவிடும். தாயும் சொன்னபடி வந்துவிடுவாள். மற்றப் பிள்ளைகள் பிஸ்கட்டும் கண்ணீருமாகக் கிடக்க, குட்டி மட்டும் நிம்மதியாக விளையாடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. குட்டியைத்தான் என் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டேன். முதல் பகுதியைப் படித்துவிட்டு விரிவுரையாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கட்டுரை முக்கால்வாசி முடிந்திருந்த சமயம் அது. காலையில் வழக்கம்போல அவள் வந்தாள், குந்தினாள், சொன்னாள், போனாள். வெயில் ஏறிய பிறகு மண்டோர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். அவர் அந்தப் பக்கம் வருகிறவரே இல்லை.

“குட்டியோட அம்மாவைப் புடிச்சிட்டாங்க டீச்சர்” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். “பால் வாளிக்குள்ள எலையில சோறு மடிச்சி வச்சிருந்துச்சாம். லோரியில ஏத்திக் கோலா சிலாங்கூருக்குக் கொண்டு போயிட்டாங்க.”

“அவ சாப்பிடத்தானே வச்சிருப்பா. வயித்துப் பிள்ளைக்காரி.”

“அது எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும்” என்றார். “கேட்டுல நிக்கிறவனுக்குத் தெரியணுமே.”

திரும்பிப் பார்த்தேன். குட்டி கொட்டாங்கச்சியில் மண்ணை நிரப்பிக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

மணி அடித்தது. குட்டி கையைத் தட்டிக்கொண்டு எழுந்து வாசற்படிக்குப் போனது. தாய்மார்கள் வேகமாக வந்து, அதன் முகத்தைப் பார்க்காமல் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லோரும் போனபிறகு குட்டி என்னிடம் வந்தது.

“மணி அடிச்சிருச்சி டீச்சர்.”

“ஆமாண்டா.”

“அம்மா வரல.”

“இன்னிக்கு வரல.”

“எப்ப வரும்?”

இரண்டு வருடப் படிப்பும் அந்தக் கேள்வியில் வந்து நின்றது. பிள்ளையிடம் உண்மையைச் சொல், எப்போது திரும்புவாய் என்று சொல் என்றுதான் புத்தகத்தில் இருந்தது. திரும்புகிற நாளைப் போலீஸ்காரன் கையில் வைத்திருந்தால் என்ன சொல்வது என்று அதில் இல்லை. “எனக்குத் தெரியலடா” என்றேன். குட்டி அழவில்லை. திரும்பிப் போய் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டது.

குட்டியின் தகப்பன் புல்வெட்டுக் கும்பலில் வேலை செய்தவர். அதிகம் பேசாத ஆள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தார். பொய் சொல்லாதீர்கள் என்று நான் அவரிடம் போய்ச் சொன்னேன். எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ.

“நீங்க படிச்சவங்க டீச்சர்” என்றார் அவர். கோபமே இல்லாமல்தான் சொன்னார். “எனக்குப் புள்ள தூங்கணும்.”

ஒரு விடுமுறை நாளில் அவரும் நானும் கோலா சிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தோம். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் நான்தான் பேசினேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி எனக்கு நாற்காலி போடச் சொன்னார், குட்டியின் தகப்பனுக்குப் போடச் சொல்லவில்லை. அவளைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பியாகிவிட்டது என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். அதற்கெல்லாம் நாள் கிடையாது என்றார். அது அவள் சாப்பிட வைத்திருந்த சோறு என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சிரித்தார்.

கொட்டகையில் எல்லாம் பழையபடி நடந்தது. தாய்மார்கள் நழுவினார்கள், பிள்ளைகள் அழுதன, ஆயா பொய் சொன்னார். யாரும் என்னைக் குத்திக்காட்டிப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. குட்டி மட்டும் மாறிப்போயிருந்தது. மணி அடித்தால் முன்போல வாசலுக்கு ஓடுவதில்லை. இருந்த இடத்திலேயே தலையை நிமிர்த்தி, மற்ற அம்மாக்கள் ஒவ்வொருவராக வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லோரும் வந்து முடிந்ததும் மறுபடி மண்ணைக் கிளறும்.

நடந்ததையெல்லாம் நான் கட்டுரையின் கடைசியில் எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் கடைசிவரை படித்தார். இது நாட்டு நிலைமையால் வந்தது, உன் ஆராய்ச்சியின் முடிவை இது பாதிக்காது, இந்தப் பக்கங்களை எடுத்துவிடலாம் என்றார். நான் எடுக்கவில்லை. அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை, நல்ல தேர்ச்சிதான் கொடுத்தார்கள். அந்தப் பக்கங்களைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

அதற்குள் குட்டியின் அம்மாவை நாடு கடத்தி இந்தியாவுக்குக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. வேண்டுமானால் புருஷனும் பிள்ளையும் கூடப் போகலாம் என்றார்களாம். அவர் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இந்தியாவில் எந்த ஊரில் போய் இறங்குவது, யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது. வயிற்றில் இருந்த பிள்ளை எங்கே பிறந்தது, பிழைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சான்றிதழ் கொடுக்கிற விழாவுக்குக் கோலாலம்பூர் வரச்சொல்லி அழைப்பு வந்தது அந்தச் சமயத்தில்தான். போய்வர இரண்டு மூன்று நாள் ஆகும். கிளம்புகிற காலையில் குட்டியின் முன்னால் குந்தினேன். என்ன ஆனாலும் நான் படித்ததை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. நான் சொன்னபடி திரும்பி வந்து காட்டினால், சொன்ன சொல்லின்மேல் அதற்கு மறுபடி நம்பிக்கை வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

“குட்டி, டீச்சர் இன்னிக்கு—”

குட்டி தன் சின்னக் கையால் என் வாயைப் பொத்தியது. கையெல்லாம் மண்.

“சொல்லாதீங்க டீச்சர்.”

“ஏண்டா?”

“சொல்லிட்டுப் போனா வரமாட்டாங்க.” பிறகு, எனக்கு விளங்கவில்லையோ என்று நினைத்தது போல, மற்றப் பிள்ளைகளைக் காட்டிச் சொன்னது. “அவங்க அம்மால்லாம் சொல்லாமதான் போறாங்க. மணி அடிச்சா வந்துர்றாங்க. நீங்களும் சொல்லாம போங்க.”

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. யாரும் அதற்குப் பிஸ்கட் கொடுக்கவில்லை, பேச்சுக் கொடுக்கவும் இல்லை. தானாகவே உட்கார்ந்துகொண்டது. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கமாக வெளியேறினேன். செம்மண் பாதை நெடுக அழுதேன்.

விழாவில் பெரிய மனிதர் ஒருவர் கை குலுக்கிச் சான்றிதழ் கொடுத்தார். போட்டோ பிடித்தவன் சிரிக்கச் சொன்னான், சிரித்தேன். விரிவுரையாளர் என்னைத் தன் பக்கத்தில் நிறுத்தி, பிள்ளைகளின் மனம் தெரிந்த பெண் என்று யார் யாரிடமோ சொன்னார். அங்கிருந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

நான் திரும்பி வந்தபோது மத்தியானம். மணி அடித்து ஓய்ந்து, தாய்மார்கள் போய்விட்டார்கள். தகப்பன் வேலை முடிந்து வரும்வரை குட்டி மட்டும் கொட்டகையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அதன் முகத்தில் அத்தனை வெளிச்சம். ஆனால் என்னிடம் ஓடி வரவில்லை. ஆயாவிடம் ஓடி, அவர் சேலையைப் பிடித்து இழுத்தது.

“பாத்தியா ஆயா? சொல்லாம போனாங்க. வந்துட்டாங்க.”

ஆயா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பிறகு குட்டி என்னிடம் வந்து, என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டது.

“டீச்சர், அம்மாகிட்ட போயி, நீ சொல்லிட்டுப் போனது சொல்லாத கணக்குன்னு சொல்றீங்களா? அப்ப வந்துரும்ல?”