மூக்குக்கு ஒரு சங்கம்

நெய்வேலியில் சங்கம் என்றால் கொடியும் கேட் மீட்டிங்கும்தான். கடல் உணவின் தரத்தைச் சோதிப்பவர்களுக்கான சர்வதேசச் சங்கம் ஒன்றில் நான் உறுப்பினர் என்று மாமியாரிடம் சொன்னபோது, "எந்தக் கட்சியோட சங்கம்?" என்றுதான் முதலில் கேட்டார். கட்சி கிடையாது அத்தை, பல நாடுகளில் மீனும் இறாலும் சோதிக்கிறவர்கள் சேர்ந்து நடத்துவது, அலுவலகம் வெளிநாட்டில் இருக்கிறது என்றேன். போனஸ் வாங்கித் தருவார்களா என்றார். மாட்டார்கள் என்றேன்.

"அப்புறம் எதுக்குச் சந்தா கட்டிகினு இருக்கற?"

வாட்ஸ்அப் எல்லார் கைக்கும் வந்து சேர்ந்திருந்த காலம் அது. சங்கத்திலிருந்து என் போனுக்கு வரும் செய்திமடலைக் காட்டினேன். கோட்டும் தொப்பியும் முகமூடியும் போட்ட நாலைந்து பேர் ஒரு பெரிய மீனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆபரேஷன் பண்றாங்களா?" என்று கேட்டுவிட்டு அத்தை சோறு வடிக்கப் போய்விட்டார்.

கடலூர்ப் பக்கம் இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. கான்ட்ராக்ட். டவுன்ஷிப்பில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் பெயரைக் கேட்பார்கள், அடுத்து பர்மனென்டா கான்ட்ராக்டா என்று கேட்பார்கள். பெயரை மறந்தாலும் இரண்டாவது பதிலை மறக்க மாட்டார்கள். என் கணவர் மைன்ஸில் பர்மனென்ட். குவார்ட்டர்ஸ் அவர் பெயரில் இருந்தது. மாமனார் அதே மைன்ஸின் ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆக, அந்த வீட்டில் நான் மட்டும்தான் கான்ட்ராக்ட்.

மாமனாரும் அத்தையும் வடலூர் வள்ளலார் சபைக்குப் போகிறவர்கள். அந்த வீட்டில் முட்டைகூட உடைந்ததில்லை. பெண் பார்க்க வந்தபோதே மாமா சொல்லிவிட்டார். "வேல வேற, வூடு வேறம்மா. மீனு மட்டும் வூட்டுக்குள்ள வரக்கூடாது. அவ்ளோதான்." எனக்கு அதில் வருத்தம் இல்லை. பிளான்ட்டுக்குள் நுழையும்போது கை கால் கழுவி உடை மாற்றுவோம். வீட்டுக்கு வரும்போதும் பின்பக்கக் கேட் வழியாக வந்து, வெளிக் குளியலறையில் குளித்து, உடை மாற்றிய பிறகே உள்ளே நுழைவேன். சுத்தத்தைப் பற்றி இரண்டு இடத்துக்கும் இரண்டு கருத்து, குளிப்பது மட்டும் நான்.

எங்கள் வேலையில் இயந்திரங்கள் உண்டு. ஆனாலும் முதல் தீர்ப்பு மூக்கினுடையது. ஒரு ஊரில் பரவாயில்லை என்று விடும் வாசனையை இன்னொரு ஊரில் கெட்டது என்று தள்ளுவார்கள். எல்லா ஊர் மூக்கையும் ஒரே மாதிரி பேச வைக்கத்தான் அந்தச் சங்கம் பயிற்சியும் தேர்வும் நடத்துகிறது. மூடிய கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். மேலே எண் மட்டும்தான். மூடியைத் திறந்து மோந்து, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மதிப்பெண் போட வேண்டும். தேறினால் அங்கீகாரம். எங்களிடம் இறால் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அப்படித் தேறிய ஒருவர் சரக்கைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டது. நீ தேறிவிட்டால் பர்மனென்ட் என்று மேனேஜர் சொன்னார். நான் அதைத் தவிர வேறு எதையும் நினைக்காமல் சில மாதங்கள் இருந்தேன்.

தேர்வு கொச்சியில். அதற்கு முந்தைய வாரம் சென்ட், பவுடர், பூ எதுவும் கூடாது. நான் தலையில் பூ வைப்பதை நிறுத்தினேன். "பூ வெக்காம திரியிறியே, பாக்கறவங்க என்னம்மா நெனப்பாங்க?" என்று அத்தை ஒரு நாள் தவறாமல் கேட்டார். மாமா தன் ஊதுபத்தியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் ஏற்றிக் கும்பிட்டார்.

அத்தைக்கும் என் தேர்வில் அக்கறை இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் போட்டு நிற்கப்போகிற கோட்டு என்பதால், என் வெள்ளைக் கோட்டை அவரே துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்தார். பிறகு வீட்டிலேயே மரியாதையான இடத்தில் வைத்தார். பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவில், அந்துருண்டைகளோடு, ஒரு வாரம். கிளம்பும் நாள் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டி என் பையில் வைத்தார்.

கொச்சியில் தேர்வு நடந்த அறையில்தான் கவரைப் பிரித்துக் கோட்டைப் போட்டேன். பக்கத்தில் இருந்த பெண் மூக்கை மூடிக்கொண்டாள். பரிசோதகர் உயரமான வெளிநாட்டுப் பெண்மணி. அருகில் வந்து, மிக மரியாதையாக, என்னைக் கொஞ்சம் வெளியே போகச் சொன்னார். கோட்டைக் கழற்றி எறிந்தேன். முகத்தையும் கையையும் திரும்பத் திரும்பக் கழுவினேன். யாரோ வேறு கோட்டு கொடுத்தார்கள். கடைசிக் குழுவோடு உட்கார அனுமதித்தார்கள். பயனில்லை. மூக்குக்குள் போனது போனதுதான். அழுகிப்போன இறால் இருந்த கிண்ணத்தைத் திறந்தாலும் அத்தையின் கல்யாணப் பட்டு வாசனைதான் வந்தது. தேறவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே சொன்னேன். எனக்குக் கோபத்தை மென்று விழுங்கத் தெரியாது. அத்தை புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். "நல்லா இருக்கட்டும்னுதானம்மா வெச்சேன்." அது எனக்கும் தெரியும். தெரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

மாமா மட்டும் மறுநாள் விவரம் கேட்டார். அடுத்த தேர்வு எப்போது, அதுவரை எப்படிப் பழகுவது என்று. பழக ஆள் வேண்டும் மாமா என்றேன். கிண்ணத்தில் எது இருக்கிறது என்று மோந்து பார்க்கிறவளுக்குத் தெரியக் கூடாது, அதனால் எண் போடுவது இன்னொருவராக இருக்க வேண்டும், சீசன் நேரத்தில் பிளான்ட்டில் யாருக்கும் அதற்குப் பொழுதில்லை. அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். சில நாள் கழித்து, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"பின்னால ஷெட்டு சும்மாதான இருக்குது. ஐஸ் பொட்டியில வெச்சி எடுத்துகினு வா. நான் நம்பர் போடறேன்."

"மாமா, இறாலுங்க."

"தெரியும். திங்கறதுக்கா? பரீட்சைக்கு."

அதன் பிறகு என் லீவு நாளெல்லாம் தோட்டத்து ஷெட்டில்தான் கழிந்தது. பிளான்ட்டில் கழித்துப்போடும் சாம்பிள்களை, புதியதும் கெட்டதுமாக, ஐஸ் பெட்டியில் கொண்டுவருவேன். எது எது என்று தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன். மாமா கையுறை மாட்டி, மூக்கில் துண்டைக் கட்டி, கிண்ணங்களில் போட்டு எண் ஒட்டி என்னைக் கூப்பிடுவார். முதல் நாள் பாதியில் பலா மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மீதியை முடித்தார். போதும் மாமா என்றேன். பேசாமல் மோந்து பார் என்றார்.

ஸ்டோர்ஸில் வாழ்நாளைக் கழித்தவர் என்பது அப்போது தெரிந்தது. ஒரே சரக்கை இரண்டு எண்ணில் வைத்து என்னைச் சோதிப்பார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா. இத நல்லாருக்குதுன்ற, அத ஆவாதுன்ற. எத நம்பறது?" எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவர் சொல்வது சரி. ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் எட்டிப் பார்த்து, "அப்பாவுக்கு மறுபடியும் டியூட்டி போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவார். அத்தை சமையலறை ஜன்னலை அடைத்துவிடுவார். முடிந்ததும் மாமா ஷெட்டைக் கழுவி, குளித்து, அன்று முழுக்க வராந்தாவிலேயே உட்கார்ந்திருப்பார்.

அடுத்த தேர்வில் தேறினேன். மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை. பர்மனென்ட் ஆர்டரை மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்துவிட்டு, "நல்லது" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிளாக் முழுக்க இனிப்புக் கொடுத்தேன்.

அந்த மாதப் பூச ஜோதிக்கு மாமா, அத்தை, நான் மூவரும் வடலூர் போனோம். ஷெட்டில் பழக ஆரம்பித்த பிறகு நான் அங்கே போனது அன்றுதான். கொலையையும் புலாலையும் விட்டவர்கள் மட்டுமே சபைக்கு உள்ளே வரலாம் என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அம்மா வீட்டுக்குப் போனால் மீன் சாப்பிடுகிறவள், அதனால் எப்போது போனாலும் வெளியே நின்றுவிடுவேன். தகுதி இல்லாத இடத்தில் கையெழுத்துப் போடாதே என்பது எங்கள் சங்கத்தின் விதியும்கூட. அன்று நான் ஓரமாக ஒதுங்கி நின்றபோது மாமாவும் என்னோடு வந்து நின்றார். அத்தை திரும்பிப் பார்க்காமல் தனியாக உள்ளே போனார். அவர் அப்படிப் போனதைப் பார்த்தபோது, இது இன்று புதிதாக நடப்பது இல்லை என்று புரிந்தது.

"நீங்க போகலிங்களா மாமா?"

"கையில தொட்டுட்டு உள்ள எப்பிடிம்மா போறது?"

"எப்பத்துலருந்து?"

"நம்பர் போட ஆரம்பிச்சதுலருந்துதான்."

மாதம் தவறாமல் பஸ் ஏறி வந்து, இதே இடத்தில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். வீட்டில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

"அதான் முடிஞ்சிருச்சே மாமா. நான் பாஸ் பண்ணிட்டேன். இனிமே நீங்க உள்ள போலாமே."

மாமா கூட்டத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"மூணு வருஷத்துக்கு ஒருக்கா மறுபடி எழுதணும்னு அந்த ஆர்டர்ல போட்டிருக்குதே. அப்ப யாரு நம்பர் போடுவா?"