படிக்க மட்டும் தெரிந்தால் போதும்

"இத எடு… இருக்குதான்னு பாரு… இல்லனா திரும்பிப் போ." வாய்க்குள் முணுமுணுத்தபடி திரையை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறாள் த்ரிசலா. கணினிக்கு எழுதிய கட்டளைகளை ஆளிடம் வேலை சொல்வதுபோலத் தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்ப்பது அவள் வழக்கம். எந்த வரியில் நாக்கு இடறுகிறதோ அங்கே ஏதோ கோளாறு என்று வைத்துக்கொள்வாள். "யாருகிட்டடி பேசற?" என்று சமையலறையிலிருந்து கேட்பதை அம்மா குசுமாவதி எப்போதோ விட்டுவிட்டார்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்த தெரு ஒன்றில் மாடி வீடு. பெங்களூர் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை. அது சோற்றுக்கு. மனசுக்கு வேறொன்று வைத்திருக்கிறாள். 'சல்லடை' என்ற சிறு நிரல். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் பொதுவில் போட்டிருக்கிறாள். பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழை இன்றைய கணினிகள் படிக்கும் தமிழாக அது மாற்றும். அச்சகங்கள், நூலகங்கள், கடல் கடந்த தமிழ்ப் பள்ளிகள் என்று யார் யாரோ பயன்படுத்துகிறார்கள். நன்றி சொல்ல எழுதுகிறவர்களைவிடக் குறை சொல்ல எழுதுகிறவர்களே அதிகம். எல்லோருக்கும் ஒரே பணிவோடு பதில் போவதுண்டு. யாராவது கெட்டிக்காரத்தனமாக ஒரு நிரல் வரி எழுதி, இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினால் மட்டும் ஒப்பமாட்டாள். "ஜாஸ்தி புத்திசாலித்தனம் வேணாம்ங்க. படிச்சா புரியணும்."

வெளியூர்க் கூட்டமெல்லாம் மலை சுற்ற வரும் பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில், போலந்தில் படிக்கும் மாணவி ஒருத்தியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சல்லடையில் ஓர் ஓட்டை இருக்கிறது, சோதித்துப் பார்க்க ஒரு கோப்பு இணைத்திருக்கிறேன், நீங்கள் சரிசெய்யும் வரை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதியிருந்தாள். த்ரிசலா பழைய மடிக்கணினியை எடுத்து, இணையத்தைத் துண்டித்துவிட்டு அந்தக் கோப்பைத் திறந்தாள். தமிழ் வரிகள் ஒழுங்காக வந்தன. கூடவே, யாரும் தொடாமல், கால்குலேட்டர் தானாகத் திறந்துகொண்டு நின்றது.

இட்லித் தட்டோடு வந்த அம்மா மகளின் முகத்தைப் பார்த்தார். "என்னாடி ஆச்சு?"

"ஃபைலைப் படின்னா, ஃபைலுக்குள்ள சொல்லியிருக்கறத செஞ்சுட்டு நிக்குதும்மா."

"கணக்கு போடறதுதானே வந்திருக்குது? அதுக்கா இப்டி வெளுத்துப் போயிட்ட?"

"அந்தப் பொண்ணு நல்லவ, அதனால இது வந்துச்சு. கெட்டவன் அனுப்பியிருந்தான்னா எல்லாத்தையும் அழின்னு சொல்லியிருப்பான். அதையும் செஞ்சிருக்கும்."

அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அந்த ஓட்டைக்கு வழி வைத்தவள் த்ரிசலாவேதான். பழைய எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒரு விதம். சல்லடையைப் பயன்படுத்துகிறவர்களில் ஒருவரான, தேரடித் தெருவில் அச்சகம் வைத்திருக்கும் அப்பாதுரை, எது எந்த எழுத்துரு என்று தேடியே பொழுது போகிறது என ஒரு முறை அலுத்துக்கொண்டார். மாற்றும் முறையைக் கோப்பே தன்னோடு கொண்டுவரட்டும், சல்லடை அதன்படி நடக்கட்டும் என்று ஒரு வசதி செய்தாள். கோப்பு கொண்டுவருவது மாற்றும் முறைதானா என்று அந்த வசதி கேட்பதே இல்லை.

திருத்தம் தயாராகும் வரை விஷயம் வெளியே போகக்கூடாது. போனால் ஓட்டை எங்கே என்று திருடனுக்கும் தெரிந்துவிடும். ஆனால் அப்பாதுரையை நினைத்ததும் இருப்புக்கொள்ளவில்லை. போன் போட்டாள்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் தெரியாதவங்க அனுப்பற ஃபைல் எதையும் தொறக்காதீங்க."

"நல்லா சொன்ன போ. நாளைக்கு பௌர்ணமி. அன்னதான நோட்டீஸு, பேனருன்னு எங்கெங்கிருந்தோ அனுப்பறாங்க. தெரிஞ்சவங்களுத மட்டும் தொறக்கணும்னா, கடைய மூடிட்டு நானும் மலை சுத்தத்தான் போவணும். ஏம்மா, என்னா விஷயம்?"

"சாயங்காலம் நேர்ல வந்து சொல்றேண்ணே."

"சரி. சேலத்துக்காரரு ஒருத்தரு புதுசு. அவருத நிறுத்தி வெக்கறேன். அதுக்கு மேல என்னால ஆவாது."

முதலில் வடிகட்டி ஒன்று எழுதிப் பார்த்தாள். கெட்ட கட்டளை வந்தால் அது தடுக்கும். எழுதி முடித்ததும் அதை அவளாலேயே ஏமாற்ற முடிந்தது. இன்னும் இறுக்கினாள், மறுபடி ஏமாற்றினாள். "நானே உள்ள வந்துடறேன், அடுத்தவன் வரமாட்டானா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். ஆறிப்போன இட்லியைத் தின்றாள். பிறகு, கோப்பு சொல்கிறபடி நடக்கும் அந்த வசதி முழுவதையும் அழித்தாள்.

புதிய பதிப்போடு ஓர் அறிவிப்பும் போட்டாள். பழைய பதிப்பு வைத்திருப்பவர்களின் கணினியில் அந்நியர் எதையும் செய்ய முடியும், உடனே மாற்றுங்கள். எழுத்துருவை இனி நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிழை என்னுடையது. கண்டுபிடித்த மாணவிக்கு நன்றி. சிறிது நேரத்தில் முதல் பதில் வந்தது, வெளிநாட்டு நூலகம் ஒன்றிலிருந்து: எங்கள் வேலை மொத்தமும் நின்றுவிட்டது, இப்படியா செய்வது? மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

வெளியூர் பேருந்துகள் வழியெல்லாம் அடைத்து நின்றன. அச்சகத்தில் மை வாடை. அப்பாதுரை எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். புதிய பதிப்பை ஏற்றி முடிக்கும் வரை பின்னால் நின்று பார்த்தார்.

"இது புதுசா என்னா பண்ணும்?"

"புதுசா ஒண்ணும் பண்ணாதுண்ணே. படிக்கும், அவ்ளோதான்."

"ஃபான்ட்டு?"

"நீங்கதான் பார்த்துப் போடணும்."

"நாளைக்குப் பௌர்ணமின்னு தெரிஞ்சேதான் பண்றியா?"

"ஆமாண்ணே." காலையில் நடந்ததை அப்போதுதான் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். எந்திரத்தை நிறுத்தவில்லை, ஆனால் கல்லாவுக்கு மேலிருந்த சாமி படத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

நிறுத்தி வைத்திருந்த சேலத்துக் கோப்பைத் திறந்தார். கட்டம் கட்டமாக, யாருக்கும் புரியாத எழுத்துகள் வந்தன. பெருமூச்சு விட்டு எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு கட்டத்தில் 'அன்னதானம்' என்ற சொல் பளிச்சென்று தெரிந்தது. வேறெதுவும் நடக்கவில்லை.

"வந்துடுச்சு பாரு" என்றபடி அடுத்த கோப்பைத் திறந்தார் அப்பாதுரை. திரும்பிப் பார்த்தார். த்ரிசலா சுவரோரம் நின்றுகொண்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், கணினியின் சுவிட்சின் மேல் விரலை வைத்திருந்தாள்.