மூன்று நாற்பதுக்குச் சியாவிலிருந்து வந்த குரல்

நெல்மா கன்சிலுக்குப் பித்துங் துறைமுகத்து டின் மீன் ஆலையில் வேலை. மூடி அடைத்து வரும் டின்களின் விளிம்பைத் தடவிப் பார்த்து, பிசகியதை ஒதுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை. விரல் நுனி காய்த்துப்போயிருந்தும் மயிரிழை பிசகு அவள் கைக்குத் தப்பாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதாகோவில், ஆலை, அதற்குப் பிறகு ரேடியோ. சொந்தக் கருவி வைத்துத் தூரத்து ஊர்க்காரர்களோடு பேசுகிறவர்கள் சேர்ந்து பித்துங்கில் நடத்திய எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்தில் அவள் ஒருத்திதான் பெண்.

அவளை ரேடியோவுக்கு இழுத்துவந்தவன் அண்ணன் அல்ஃபியஸ். சியாவ் தீவில், ஊலு துறைமுகத்து ஐஸ் ஆலையில் மெக்கானிக். எரிமலை அடிவாரத்தில் ஒரு தகர வீடு, கொல்லையில் நாலு தென்னை, இரண்டு தென்னைக்கு நடுவே ஆன்டெனாவாக ஒரு கம்பி. அந்த மாவட்டம் முழுக்க உரிமம் வைத்துக்கொண்டு ரேடியோவில் பேசுகிற ஒரே ஆள் அவன்தான். அதனால் ஊருக்குள் யாரும் கண்டுகொள்ளாத அல்ஃபியஸை நாடு முழுக்க ஹாம்கள் தேடினார்கள்.

காரணம் ஆகஸ்ட் மாதப் போட்டி. சனிக்கிழமை காலை எட்டு மணி முதல் மறுநாள் காலை எட்டு மணி வரை, முடிந்த அளவு நிலையங்களைப் பிடித்துப் பேச வேண்டும். ஒவ்வொரு தொடர்புக்கும் புள்ளி. கடைசியில், எத்தனை மாவட்டங்களோடு பேசினோமோ அத்தனையால் மொத்தப் புள்ளியைப் பெருக்குவார்கள். ஆகவே ஆளரவமற்ற ஒரு மாவட்டத்திலிருந்து வரும் ஒற்றைக் குரலுக்குத் தங்கத்தின் மதிப்பு. இரண்டு பக்கமும் உரிமத்தோடு கிடைத்த அழைப்புக்குறியையும், இது தனக்கு எத்தனையாவது தொடர்பு என்ற வரிசை எண்ணையும் சொல்லி, அவரவர் லாக்கில், அதாவது பதிவு நோட்டில், எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ஜாவாவில் இருக்கும் குழு எல்லா லாக்குகளையும் வாங்கி, ஒன்றோடொன்று வைத்துச் சரிபார்க்கும்.

சரிபார்க்கும் வேலையை நாடெங்கும் சில தன்னார்வலர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நெல்மா அதில் ஒருத்தி. சொந்தச் சங்கத்து லாக் யாருக்கும் வராது. அவளுக்குத் தெற்கே திமோர், புளோரஸ் பக்கத்து லாக்குகள் வரும். சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான்: "காதால கேட்காததைக் கையால எழுதாதே. பக்கத்துல இருக்கறவன் சொன்னான்னு எழுதாதே. போட்டி முடிஞ்சப்புறம் அவனைப் போன்ல கேட்டு திருத்தாதே."

டோல்ஃபி என்ற எங்கள் ஆள் அவளைச் சீண்டுவான். "நெல்மாவுக்கு மீனும் ஒண்ணு, மனுஷனும் ஒண்ணு. அமுக்கிப் பார்த்துத்தான் விடுவா."

"உன்னை அமுக்கிப் பார்க்கவே வேண்டாம் டோல்ஃபி, தூரத்துலயே வாடை வருது" என்பாள்.

அந்த வருஷம் எங்கள் சங்கம் மலைமேல் கொட்டகை போட்டுப் போட்டியில் உட்கார்ந்தது. தலைவர் பாக் வொவோர்; 'பாக்' என்றால் ஐயா மாதிரி. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பித்துங்கில் மைக் பிடித்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் கற்றவர்கள், நானும்தான். நெல்மாவுக்கு அந்தச் சனிக்கிழமை ஆலையில் முறை, அதனால் அவள் வரவில்லை.

அன்று காலை ஆறரைக்குச் சியாவில் அல்ஃபியஸ் தென்னையில் ஏறினான். முந்தின நாள் காற்றில் கம்பியின் முடிச்சு தளர்ந்திருந்தது. போட்டிக்குள் கட்டிவிட வேண்டும் என்ற அவசரம். பிடித்திருந்த மட்டை கையோடு கழன்று வந்தது. ஒன்பதரை மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உயிர் போயிற்று.

நெல்மாவுக்கு ஆலைக்குப் போன் வந்தது. அவள் அங்கிருந்தே பாக் வொவோரை அழைத்தாள்.

"பாக், அண்ணன் போயிட்டான். மரத்துல இருந்து விழுந்துட்டான். நான் சாயங்காலக் கப்பல்ல கிளம்பறேன். பசங்ககிட்ட சொல்லிடுங்க."

"ஐயோ, கடவுளே... நீ கிளம்பும்மா. இங்க நான் பார்த்துக்கறேன்."

அவர் எங்களிடம் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் தெர்னாத்தே சங்கம் எங்களைத் தாண்டிவிட்டது. "சியாவ் கிடைச்சுதா? சியாவ் கிடைச்சுதா?" என்று கொட்டகை முழுக்க ஒரே பேச்சு. மூன்று மணி வாக்கில் பாக் வொவோர் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மண்டை இடிக்குதுப்பா. வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டுட்டு வரேன்."

மூன்று நாற்பதுக்கு மைக்கில் நான் இருந்தேன். அல்ஃபியஸின் அழைப்புக்குறியைச் சொல்லி ஒரு குரல் வந்தது. தாழ்ந்த, மூக்கடைத்த குரல். நான் எங்கள் குறியைச் சொன்னேன். "ஐம்பத்தொன்பது, ஏழு" என்று பதில் வந்தது; முதலாவது குரல் தெளிவாகக் கேட்கிறது என்பதற்கான குறி, ஏழு வரிசை எண். நானும் எண் கொடுத்தேன். முடிந்தது. டோல்ஃபி நாற்காலிமேல் ஏறி, "சியாவ்! சியாவ் வந்திருச்சுடா!" என்று கத்தினான்.

நான் ரேடியோப் பெட்டியில் அலையின் வலுவைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சியாவ் கடல் தாண்டி நூற்று முப்பது கிலோமீட்டர். அல்ஃபியஸ் வரும்போது முள் பாதிவரை ஏறி நடுங்கும். அன்று கடைசிக் கோட்டில் போய் அடித்து நின்றது. நாலைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையம்தான் அப்படி அடிக்கும். அந்தக் குரலின் இழுப்பும் எனக்குப் பழக்கமானது. பள்ளியில் ஆறு வருஷம் கேட்ட இழுப்பு. தெரிந்தும் எழுதினேன்.

ஐந்து மணிக்கு பாக் வொவோர் திரும்பினார். வாழைக்காய்ப் பொரியலும் காரச் சம்பலும் வாங்கி வந்திருந்தார். "சியாவ் வந்துச்சாமே?" என்று சிரித்தார். ஞாயிறு காலை எல்லாம் முடிந்த பிறகுதான் குரல் உடைந்து சொன்னார்: "அல்ஃபியஸ் தவறிட்டான்பா. இப்பத்தான் சேதி."

திங்கட்கிழமை அடக்கத்துக்குச் சியாவ் போனோம். எரிமலைச் சாம்பல் லேசாகப் பெய்துகொண்டிருந்தது. கறுப்புச் சட்டைகளெல்லாம் நரைத்துப்போயின. சவப்பெட்டியை இறக்கும் கயிற்றில் ஒரு நுனியைப் பிடித்தவர் பாக் வொவோர். அழுதார். அது நடிப்பில்லை, இன்றைக்கும் அதைச் சத்தியமாகச் சொல்வேன். இறந்த நேரம் என்ன என்று அங்கே ஒரு கிழவரிடம் கேட்டேன். "சனிக்கிழமை காலைல, ஒன்பதரை இருக்கும்" என்றார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அக்டோபரில் நெல்மாவுக்கு லாக்குகள் வந்தன. முதல் லாக்கில் அண்ணனின் அழைப்புக்குறியைப் பார்த்ததும் நேரத்தைத் தப்பாக எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைத்தாளாம். இரண்டாவதிலும் இருந்தது. இருபத்தாறு லாக்கில் பத்தொன்பதில் இருந்தது. எல்லாம் சனிக்கிழமை பிற்பகல், மூன்று முப்பத்தைந்திலிருந்து நாலரைக்குள். வரிசை எண்கள் விட்டுவிட்டு, ஒன்றிலிருந்து அறுபத்தொன்று வரை.

சிலர் போட்டி முழுவதையும் ஒலிப்பதிவு செய்து வைப்பதுண்டு. குப்பாங்கில் ஒருவர் வைத்திருந்தார். கேட்டதும் அனுப்பிவிட்டார். அதை எடுத்துக்கொண்டு என் பேட்டரிக் கடைக்கு வந்தாள் நெல்மா. உச்சி வெயில், கடையில் யாருமில்லை.

"இதைக் கேளு, ஸ்டென்லி."

கேட்டேன்.

"யார் குரல்?"

"இரைச்சலா இருக்கு நெல்மா. சரியாத் தெரியல."

"இன்னொரு வாட்டி போடட்டுமா?"

"போட்டாலும் அதேதானே."

அவள் மடிக்கணினியை மூடினாள். "சங்கத்து லாக் எனக்கு வராது. ஆனா இந்தப் பதிவுல மூணு நாப்பதுக்கு அந்தக் குரல் நம்ம குறியைச் சொல்லுது. அப்ப மைக்ல யாரு?"

நான் தலையைக் குனிந்தேன்.

"நீ காதால கேட்டதைத்தான் எழுதினே. யாரைக் கேட்டேன்னு உனக்குத் தெரியும். அந்நேரம் என் அண்ணனை வெள்ளைத் துணியால மூடி பெஞ்சுல போட்டிருந்தாங்க. ஈ ஓட்ட ஆளில்லாம கிடந்தான்."

அன்று மாலையே பாக் வொவோர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். கூப்பிட்டதால் அல்ல, கடையில் இருப்புக்கொள்ளவில்லை. அவர் முற்றத்தில் சாதிக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை.

"பாக், நீங்களா?"

அவர் மறுக்கவில்லை. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "உட்காரும்மா. அவன் உயிரோட இருந்தா அன்னைக்குப் பேசியிருப்பானா மாட்டானா? அந்தக் கம்பியைக் கட்டத்தானே ஏறினான்? அவன் விட்ட வேலையை நான் ஒரு மணி நேரம் செஞ்சேன். எல்லாருக்கும் சியாவைக் கொடுத்தேன். அவனுக்குப் பண்ணின மரியாதைன்னு நினைச்சுக்க."

"மரியாதை."

"சங்கத்துக்கும்தான், ஒத்துக்கறேன். தெர்னாத்தேகாரனுங்க..."

"நான் போன் பண்ணினப்ப அழுதுட்டிருந்தேன். போனை வெச்சதும் உங்களுக்கு முதல்ல எது ஞாபகம் வந்துச்சு பாக்? அண்ணனா, மாவட்டமா?"

அவர் முறத்தை மறுபடி எடுத்துச் சாதிக்காயைத் துழாவினார். பிறகு மெல்ல, "எழுபத்தோரு வயசு எனக்கு. இதை மேல அனுப்பினா நான் எந்த முகத்தோட மைக்கைத் தொடுவேன்?" என்றார்.

"தொடாதீங்க" என்றாள் நெல்மா.

ஒரு வாரம் எங்கள் ஆட்கள் அவள் வீட்டுப் படியேறி இறங்கினார்கள். பாதிரியாரைக்கூட அனுப்பிப் பார்த்தார்கள். டோல்ஃபி மட்டும் கேலியை விட்டுவிட்டு நேராகவே சொன்னான்: "செத்தவனுக்கு இதனால என்ன கிடைக்கப்போகுது? இருக்கறவனை ஏன் சாகடிக்கறே?"

"செத்தவன் பேர்ல அறுபத்தோரு பேர் கையெழுத்து வாங்கியிருக்காங்க. அதுல பத்தொன்பது என் கையில இருக்கு. நான் சரின்னு போட்டா அறுபத்திரண்டாவது கையெழுத்து என்னோடது."

அறிக்கை போயிற்று. இறப்புச் சான்றிதழோடு அல்ஃபியஸின் லாக் நோட்டில் ஒரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினாள். அந்தச் சனிக்கிழமை தேதியை மேலே அழகாக எழுதி, கோடு போட்டு, வரிசை எண்களை ஒன்றிலிருந்து நாற்பதுவரை முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தான். எதிரே ஒரு பெயரும் இல்லை. குழு என்னிடம் வாக்குமூலம் கேட்டபோது முள்ளைப் பற்றியும் குரலைப் பற்றியும் எழுதிக் கொடுத்தேன். அதற்குள் அவர்கள் முடிவுக்கு வந்துவிட்டார்கள். என் கடிதம் கோப்பில் கிடந்ததோடு சரி.

அறுபத்தொரு தொடர்பும் செல்லாது என்று அடிக்கப்பட்டது. ஏமாந்தவர்களுக்குத் தண்டனை இல்லை. எங்கள் சங்கம் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. பாக் வொவோருக்கு மூன்று வருஷத் தடை. தடை தேவைப்படவில்லை. அவர் ஆன்டெனாவை இறக்கிவிட்டார். மறுவருஷம் மழைக்காலத்தில் மார்புச்சளி வந்து இறந்தார். அந்த அடக்கத்துக்கு நெல்மா வந்தாள். வாசலில் டோல்ஃபி குறுக்கே நின்றான். "வந்த வேலை முடிஞ்சுதே, திருப்தியா?" என்றான். அவள் கொண்டுவந்த பூவை வேலியில் செருகிவிட்டுப் போய்விட்டாள். நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு ரேடியோவில் அவளை இருக்க விடவில்லை. அவள் யாரையாவது அழைத்தால் அதே அலைவரிசையில் ஒருவன் விசில் அடிப்பான். இன்னொருவன் செத்தவன் குரலில், "சியாவ், சியாவ், கல்லறையிலிருந்து" என்பான். யார் என்று சொல்ல மாட்டார்கள். அழைப்புக்குறி சொல்லாமல் பேசுவது எங்கள் விதிகளிலேயே கீழான குற்றம். அந்த விதியை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். சரிபார்க்கும் வேலையை விட்டாள். விரல் மரத்துப்போனதென்று ஆலையும் அவளைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

அவள் சியாவுக்கே போய்விட்டாள். அண்ணனின் தகர வீடு, அதே பெட்டி. தென்னையில் ஏற ஆள் கிடைக்காமல் கம்பியைத் தாழ்வாக மூங்கிலில் கட்டினாளாம். தன் சொந்த அழைப்புக்குறியில், போன ஆகஸ்டில் போட்டிக்கு உட்கார்ந்தாள்.

இப்போது பித்துங்கில் சங்கம் இல்லை. அவரவர் வீட்டில் இருந்து பேசுகிறோம். அவள் குரலை அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்குக் கேட்டேன். முள் கால்வாசிதான் ஏறியது. சுமத்ராவும் பாப்புவாவும் முண்டியடித்துக்கொண்டு அழைத்தார்கள். பித்துங்கிலிருந்து ஒருவர்கூட அழைக்கவில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். மாவட்டம் போனாலும் போகட்டும், அவளிடம் எண் வாங்குவதில்லை என்று பேசிவைத்திருந்தார்கள். எனக்கும் சொல்லியிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து நான் அழைத்தேன். என் குறியைச் சொன்னதும் ஒரு கணம் வெறும் இரைச்சல்.

"ஐம்பத்தொன்பது, நூற்றுப் பதினாலு" என்றாள்.

நான் என் எண்ணைச் சொன்னேன். போட்டியில் அதற்குமேல் பேசக் கூடாது. பின்னால் வரிசையில் நிற்கிறவர்களின் நேரம் அது. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. மைக்கின் பொத்தானை விரல் அழுத்தியபடியே இருந்தது. பிறகு விட்டுவிட்டேன்.

"நன்றி" என்றாள், எல்லோருக்கும் சொல்வதுபோல. உடனே அடுத்தவரை அழைத்தாள்.