வலமாக ஒன்பது, இடமாக ஐந்து

‘ஆனி, வெள்ளிக்கிழமை. காலையில் தூறல். பத்தாம் வகுப்பு. சார்புகள். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் தூரமும் நேரமும் கேட்டுப் பலகையில் எழுதியது. ஒருத்திக்கு இரண்டு தூரம்.’

என் பாடக்குறிப்பில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான். நாள், கிழமை, மழை, வகுப்புக்கு வராதவர்கள் எல்லாவற்றையும் குறித்து வைப்பது எனக்குப் பழக்கம். ஆண்டை மட்டும் இங்கே எழுதாமல் விடுகிறேன். அந்த ‘ஒருத்தி’யும் அவள் அம்மாவும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் சார்புதான் முதல் பாடம். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரே ஒரு நிழல் உரு இருந்தால் அது சார்பு. இரண்டு இருந்தால் சார்பு இல்லை. இதைப் புத்தகத்தில் உள்ள அம்புக்குறிப் படத்தை வைத்துச் சொன்னால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அதனால் அவரவர் வருகிற வழியையே கேட்பேன்.

“மூணு கிலோமீட்டர் மிஸ். ஒரு மணி நேரம்” என்றாள் முன் வரிசையில் ஒருத்தி.

“பொய் மிஸ். கால் மணி நேரம்தான். மீதி பானிபூரி கடை” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

சிரிப்பு அடங்கியதும் ஜன்னலோரப் பிள்ளை எழுந்தாள். மலைக்குப் பின்பக்கம், ஆதி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே அவள் வீடு. எங்கள் பள்ளி செங்கம் ரோட்டுப் பக்கம், மலைக்குத் தெற்கே.

“அஞ்சு மிஸ். பௌர்ணமின்னா ஒன்பது.”

“ஏன்டி, பௌர்ணமிக்கு மலை வளந்துடுதா?”

“அன்னிக்கு ஜனத்துக்கு எதிர்ல வரக் கூடாதுல்ல. வலமா சுத்திதான வரணும்.”

இந்த ஊரில் அது விளக்கம் தேவைப்படாத விஷயம். மற்ற நாட்களில் பஸ்ஸும் ஆட்டோவும் மலையை இடமாக வைத்தோ வலமாக வைத்தோ போகும், யாரும் கவனிப்பதில்லை. பௌர்ணமியன்று மட்டும் பால் வாங்கப் போகிறவன்கூட மலை தன் வலப்பக்கம் இருக்கும்படி போய்ச் சுற்றிக்கொண்டு வருவான்.

“ஒரே வீடு, ஒரே ஸ்கூல். தூரம் ரெண்டு. அப்ப இது சார்பு இல்லியா மிஸ்?” என்று கேட்டாள்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இப்படி ஒரு கேள்வி வருவதற்காகத்தான் அந்தப் பாடத்தையே அப்படி நடத்துகிறேன். “வீட்டை மட்டும் சொன்னா இல்ல. என்ன நாள், எந்தப் பக்கம்னு சேர்த்துச் சொன்னா சார்பு ஆயிடும்” என்றேன்.

“எல்லாத்தையும் சேர்த்துச் சொன்னா விடை ஒண்ணுதான் வருமா?”

“ஒண்ணுதான் வரும்.”

மதிய உணவு மணி அடித்த பிறகு அவள் மேஜையருகே வந்து நின்றாள். புத்தகத்துக் கணக்கை ஒப்பிப்பதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “சித்ரா பௌர்ணமி அன்னிக்கு சாயந்திரம் ஒரு ஆட்டோ ஆதி அண்ணாமலையில இருந்து நம்ம ஸ்கூல் பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கெளம்புது. வலமா போனா ஒன்பது, இடமா போனா அஞ்சு. உள்ள நெஞ்சு வலியோட ஒருத்தர். எந்தப் பக்கம் போனா சீக்கிரம் போகும்?”

அந்த ஒருத்தர் அவள் அப்பா. கோடை விடுமுறையில் அவர் தவறிவிட்டார் என்பது பள்ளி திறந்தபோதே எனக்குத் தெரியும். எப்படி என்று அப்போதுதான் அவள் சொன்னாள்.

வீட்டு வாசலில் கிரிவலம் வருகிறவர்களுக்குப் புளியோதரை கொடுத்துக்கொண்டிருந்தவர், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். கூட்டத்தில் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியவில்லை. அவளுடைய தாய்மாமன் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர்தான் தூக்கி வைத்து ஓட்டினார். வலமாக ஓட்டினார். மலையின் வடக்கு முனை தாண்டி, ஊருக்குள் நுழைகிற இடத்தில் வண்டி நகரவில்லை. அங்கேயே முடிந்துவிட்டது.

“எங்க அம்மா மாமாகூட பேசறதில்ல மிஸ். ‘அஞ்ச வுட்டுட்டு ஒன்பதுல போனான்’னு சொல்லிட்டே இருக்கு. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர வாசலோட அனுப்பிடுச்சு.” பிறகு, “நீங்க போட்டுக் காமிச்சா அம்மா நம்பும்” என்றாள்.

என்ன விடை வரவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் சேர்ந்த நாள் முதல் அவளை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டவர் அந்த மாமா. இப்போது பஸ்ஸில் வருகிறாள்.

கூட்டத்தோடு போகும் வண்டிக்கு என்ன வேகம், எதிரே போகும் வண்டிக்கு என்ன வேகம் என்று தெரிந்தால் மீதி ஒரு வகுத்தல்தான். தரவு இல்லாமல் கணக்கு இல்லை என்று வகுப்பில் சொல்கிறவள் நான். அதனால் ஆடிப் பௌர்ணமியன்று மாலை ஆதி அண்ணாமலைக்குப் போனேன். அவள் வீட்டுப் பக்கத்திலிருந்து கூட்டத்துக்கு எதிராக நடந்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க நினைத்தேன்.

நூறு அடி போயிருப்பேன். “யம்மா, தப்பா போறீங்க” என்றார் ஒருவர். “வழி தெரியலியா பாவம்” என்று இன்னொரு பெண் என் தோளைத் தொட்டு மெல்லத் திருப்பிவிட்டாள். ஒரு பெரியவர் ஐயோ என்பதுபோல் நெற்றியில் கைவைத்து என்னைக் கடந்து போனார். கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, எதற்காக வந்திருக்கிறேன் என்று நன்றாகத் தெரிந்தும், சற்று நேரத்தில் நான் அவர்களோடு சேர்ந்து வடக்கு நோக்கி நடந்துகொண்டிருந்தேன். எந்த இடத்தில் திரும்பினேன் என்று என்னால் குறித்து வைக்க முடியவில்லை. ஆடிக் கூட்டம் சித்திரைக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அளந்திருந்தாலும் அதை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

அந்த மாமாவைப் பள்ளிக்கு எதிரே உள்ள ஆட்டோ நிறுத்தத்தில் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். பள்ளி விடும் நேரத்துக்கு அங்கே வந்து நிற்கிறார். அக்கா மகள் பஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

“கணக்கு போடறீங்களாமே டீச்சர். பொண்ணு சொல்லுச்சு.”

“முயற்சி பண்றேன்.”

“எங்க அக்கா சொல்றதுல தப்பில்லங்க. ஆனா எதிர்ல அவ்ளோ ஜனம். புள்ளைங்கள தோள்ல வெச்சினு வராங்க. எப்படி வண்டிய வுடறது?” என்றார். பிறகு ஹாண்டில் பாரைப் பார்த்துக்கொண்டே, “அதெல்லாம் அப்புறமா தோணுனதுங்க. அன்னிக்கு யோசிக்கவே இல்ல. கை தானா வலத்துக்குத் திருப்பிடுச்சு. வண்டி கத்துக்கிட்டதுல இருந்து பௌர்ணமிக்கு நான் இடமா ஓட்டுனதே இல்ல” என்றார்.

“செங்கம் ரோடு திருப்பத்துல போலீஸ் பேரிகார்டு போட்டிருந்தாங்களா? போட்டிருந்தா இடமா வந்தாலும் மாட்டிட்டுதான் இருப்பீங்க.”

“போட்டிருப்பாங்கனுதான் சொல்றாங்க. நான் பாக்கலியே. அந்தப் பக்கம் வரவே இல்லியே.”

முழுக்கணக்கும் அந்த ஒரு இடத்தில் வந்து நின்றது. திருப்பத்தில் வழி அடைத்திருந்தால் ஐந்து கிலோமீட்டர் என்பது வெறும் எண். அவர் மேல் பழி இல்லை. திறந்திருந்தால், கூட்டத்தின் ஓரமாக ஊர்ந்து வந்திருந்தாலும் முன்னால் வந்து சேர்ந்திருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதற்கு மேல் அதிலும் சொல்ல முடியாது.

காலாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா வந்தார். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கவில்லை. மகள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“இவ உங்கள கணக்கு போடச் சொன்னாளாமே.”

“ஆமாங்க.”

“என்னா வந்துச்சு? வழி அடைச்சிருந்துதுனு நீங்க சொல்லுங்க, நான் ஏத்துக்கறேன். இன்னிக்கே அவன வீட்டுக்கு வரச் சொல்லிடறேன். எனக்கும் கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான்.”

பிள்ளை என்னையே பார்த்தாள். சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் எனக்குத் தெரியாது.

“விசாரிச்சுட்டு இருக்கேங்க. இன்னும் உறுதியா தெரியல.”

“தெரியலியா” என்றார் அவர். சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். “அப்ப நான் மட்டும் எப்பிடி மேடம் தெரிஞ்சா மாதிரி இருக்கறது? ரெண்டையும் நெனச்சுக்கினே கெடக்கறேன்.” மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பிள்ளை பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். பதினொன்றில் கணக்குப் பாடப்பிரிவு வேண்டாம் என்று வேறு எடுத்துக்கொண்டாள். மாமா வீட்டுக்குள் வருவதில்லை என்றுதான் கடைசியாகக் கேள்விப்பட்டேன்.

நான் விசாரிப்பதை நிறுத்தவில்லை. செங்கம் ரோடு திருப்பத்தில் பூக்கடை வைத்திருக்கும் அம்மா, அன்று மதியத்திலிருந்தே வண்டிகளை விடவில்லை என்கிறார். அதே இடத்தில் இளநீர் விற்பவர், விளக்கு வைக்கும்வரை உள்ளூர் ஆட்டோக்கள் போய்வந்தன, நானே ஒன்றிலிருந்து காய் இறக்கினேன் என்கிறார். அன்று அங்கே பணியில் இருந்த காவலர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சித்ரா பௌர்ணமி மாலையில், ஆட்டோ புறப்பட்ட அந்த நேரத்தில், திருப்பத்தில் வழி திறந்திருந்ததா அடைத்திருந்ததா என்பது இதை எழுதும் வரை உறுதிசெய்யப்படவில்லை.