வெண் என்ற இரண்டெழுத்து

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் சபை ஒரு வாடகை மாடியில் கூடியது. கீழே வெல்டிங் கடை. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்கான அப்பத்தை நான்தான் செய்வேன். முந்தைய நாள் மைதாவைப் பிசைந்து, உப்பும் புளிப்பும் சேர்க்காமல் தேய்த்து, கருகல் புள்ளி விழாதபடி சிறுதீயில் சுட்டெடுக்க வேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனாலும் பாஸ்டர் அதைக் கையில் ஏந்தி ஜெபிக்கும்போது எனக்குள் ஒரு கர்வம் எட்டிப் பார்க்கும். கல்யாணமாகி ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கன்னடம் தெரியாமல் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான். பெங்களூரில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த அப்பம்தான் இருந்தது.

அப்பம் சுடும் அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் பாஸ்டரின் மனைவி. மற்றவர்களுக்கு அவள் பாஸ்டரம்மா. எனக்கு என் வயதுத் தோழி, இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஆராதனை முடிந்து பாய் சுருட்டும்போதுகூட எங்களுக்குள் வாடி போடிதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெயில் காலத்தில் என் வலது கை விரல் முட்டிகளில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மாவு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். போகவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்வதற்கு முன்பே அவளிடம் காட்டினேன். அவளே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசி முனையால் தொட்டு, வலிக்கிறதா என்று சைகையில் கேட்டார். வலித்தது. "இது தொன்னு அஷ்ட்டே. யாரிகூ அண்ட்டல்ல, ஹெதர்கோபேடி" என்றார்.

"என்னடி சொல்றாரு?"

"பயப்படாதேங்கிறாரு. நம்ம தமிழ்ல வெண்குஷ்டம்னு சொல்லுவோமில்ல, அதான். யாருக்கும் ஒட்டாதாம்."

கன்னடத்தில் இதற்கும் குஷ்டத்துக்கும் வேறு வேறு பெயர். நம் தமிழில்தான் இரண்டுக்கும் 'குஷ்டம்' என்ற இந்தச் சனியன் பிடித்த ஒட்டு. வெளியே வந்து ஒரே தட்டில் மசால் தோசை வாங்கிச் சாப்பிட்டோம். "யாருகிட்டயும் சொல்லிடாதடி" என்றேன். "எனக்கென்ன பைத்தியமா?" என்று என் விள்ளலையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த திருவிருந்துக்கு நான் அப்பத்தை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு போனபோது மேஜையில் ஏற்கெனவே ஒரு தட்டு இருந்தது. கடை பிரெட்டை ஓரம் வெட்டித் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். புளிப்பு சேரக் கூடாத இடத்தில் ஈஸ்ட் போட்டு உப்பிய பிரெட். அதில் யாருக்கும் தீட்டு தெரியவில்லை. பாஸ்டர் அன்றைக்குப் பழைய ஏற்பாட்டிலிருந்து குஷ்டரோகத்தைப் பற்றிப் பேசினார். பேரைச் சொல்லவில்லை. குஷ்டரோகியைப் பாளயத்துக்கு, அதாவது ஜனங்களின் கூடாரங்களுக்கு, வெளியே அனுப்புவதைப் பற்றிப் பேசியபோது என் பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பாயை நகர்த்திப் போட்டுக்கொண்டார். என் தோழி முன்வரிசையில் தலையைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். நான் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு முழு ஆராதனையும் இருந்தேன்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். என்னை வெளியே தள்ளிய அந்தப் பகுதி அப்படி என்னதான் சொல்கிறது பார்ப்போம் என்று வேதத்தை எடுத்தேன். திட்டுவதற்காகத்தான் படித்தேன் என்பதை மறைப்பானேன்.

படிக்கப் படிக்கக் கோபம் திசை மாறியது. அதில் பக்கம் பக்கமாக ஒரே வேலைதான் வருகிறது: ஆசாரியன், அந்தக் காலத்துப் பாஸ்டர், பார்க்க வேண்டும். அடுத்தவர் சொல்லிக் கேட்டால் போதாது, தன் கண்ணால் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அவசரப்படாமல் ஒரு வாரம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். ஒருவரைத் தீட்டு என்று சொல்லிவிட அந்தச் சட்டத்துக்கு அவசரமே இல்லை. மங்கின வெள்ளைப் புள்ளி வெறும் தேமல், அந்த ஆள் சுத்தம் என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. வெளியே போனவருக்குச் சுகமானால், ஆசாரியனே பாளயத்தைத் தாண்டிப் போய் அவரைப் பார்க்க வேண்டுமாம். பாலைவனத்தில் கூடாரம் போட்டுக் கிடந்த ஜனங்களுக்கு இவ்வளவு நிதானம் இருந்திருக்கிறது. எங்கள் பாஸ்டர் ஒரு தெரு தாண்டினால் என் வீடு. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறு எல்லோரும் போன பிறகு, அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். கையை நீட்டி, "பாருங்க பாஸ்டர்" என்றேன்.

அவர் என் தலைக்கு மேலே இருந்த ஃபேனைப் பார்த்தார். "அதெல்லாம் பழைய ஏற்பாடு சிஸ்டர். நாம கிருபையின் காலத்துல இருக்கோம்."

தள்ளுவதற்குப் பழைய ஏற்பாடு, கேள்வி கேட்டால் கிருபை. நான் அவரை விட்டுவிட்டு, அங்கேயே இருந்த என் தோழியிடம் திரும்பினேன். "நீதானடி கூட வந்தே. டாக்டர் என்ன சொன்னாருன்னு சொல்லுடி."

வெறும் குஷ்டம் என்றுதான் இவர் காதுக்குப் போயிருக்கிறது, 'வெண்' என்ற இரண்டெழுத்தும் 'ஒட்டாது' என்ற சொல்லும் எங்கோ தவறி விழுந்துவிட்டன, அவள் வாயைத் திறந்தால் சரியாகிவிடும் என்று அந்த நிமிஷம் வரை நம்பினேன். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல சிஸ்டர்."

சிஸ்டர். அவள் வாயால் என்னை அப்படி அழைத்தது அதுவே முதல் முறை. நான் அந்த மாடிப்படியை அதற்குப் பிறகு ஏறவில்லை.

போகப்போக வெள்ளை என் கை, கழுத்து, முகம் எல்லாவற்றிலும் பரவி, திட்டுத் தெரியாமல் ஒரே நிறமாகிவிட்டது. மேலெல்லாம் வெளுத்துவிட்டால் சுத்தம் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதன் அர்த்தம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் புதிதாகப் பார்க்கிறவர்கள் என்னைச் சிவப்பு என்கிறார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள் விவேக் நகர் போகும் பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரம் அவள். உடம்பு பெருத்திருந்தது. உட்காரச் சொல்லி இடம் விட்டாள். என் கையை உரிமையோடு இழுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள்.

"நல்லா கலராயிட்டியேடி! நீதான் அப்ப வீணாப் பயந்தே. அந்த டாக்டர் அன்னிக்கே சொன்னாரில்ல, வெறும் தொன்னு, யாருக்கும் ஒட்டாதுன்னு."

ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். நான் இறங்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை. கையை உருவிக்கொண்டு எழுந்தேன்.

"வர்றேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.