‘என்னங்க’ என்றொரு ஃபைல்

என் மனைவி என் பெயரைச் சொல்ல மாட்டாள். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் அர்ச்சகர் பேர் கேட்டால் முழங்கையால் என்னை இடிப்பாள். நானே சொல்லிக்கொள்ள வேண்டும். ரேஷன் கடையில் கேட்டால், "கார்டுல இருக்கு பாருங்க" என்பாள். பால் பொங்கினாலும் "என்னங்க", வாசலில் பாம்பு வந்தாலும் "என்னங்க". எதற்கென்று ஓடிப்போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பெரம்பலூரில் டி.டி.பி. கடை வைத்திருந்தோம். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள்தான் டைப் அடிப்பாள். ஒருநாள் கம்ப்யூட்டருக்கு மைக் வாங்கி வந்தேன்.

"இதுலயாவது என் பேரைச் சொல்லேன். யாரு கேக்கப்போறா?"

"வேற வேல இல்ல உங்களுக்கு."

டீ வாங்கிவிட்டு வந்தபோது திரையில் ‘என்னங்க’ என்று ஒரு புது ஐகான் இருந்தது. திறந்தேன். ஒரு செருமல், என் பெயர், அப்புறம் அடக்க முடியாத சிரிப்பு. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

"ஒரு தடவ சொன்னதே பாவம். வேணும்னா அதையே போட்டுக் கேட்டுக்கங்க" என்றாள்.

அந்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவளுக்கான அஞ்சலி போஸ்டரை நான்தான் தட்டுத்தடுமாறி அடித்தேன். அதற்குப் பிறகு தினமும் கடை திறந்ததும் அந்த ஃபைலைத்தான் முதலில் கேட்பேன். யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று கூச்சம்.

மறு வருஷம் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. பத்திரிகை பாதியில் இருக்கும்போதே படுத்துக்கொள்ளும். அரியலூர் சிமெண்ட் ஆலை ஆபீஸில் இருந்த மச்சான், அவளுடைய அண்ணன், பஸ் ஏறி வந்தார். சி.டி. போடும் தட்டு திறக்கவே இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார்.

"இதுலயே விண்டோஸ் இருக்கு மாப்ள. சி டிரைவ அழிச்சிட்டுத்தான் போடணும். வேணுங்கறத டி டிரைவுக்கு மாத்திருவோம்."

திரையில் கிடந்ததையெல்லாம் ஒரே வாரலாக வாரி மாற்றினார். ‘என்னங்க’வும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதியாக இருந்தது. பழைய விண்டோஸ் அழிந்து புதியது ஏறியது. பச்சை மேடும் நீல வானமுமாகத் திரை பளிச்சென்று வந்தது.

முதல் வேலையாக டி டிரைவைத் திறந்து ‘என்னங்க’வைத் தட்டினேன். ஒரு டார்ச் லைட் படம் வந்து அங்குமிங்கும் தேடியது. தேடிவிட்டு, காணவில்லை என்றது.

மச்சான் குனிந்து பார்த்தார். ஐகானின் ஓரத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி.

"இது வெறும் ஷார்ட்கட்டு மாப்ள. ஃபைலு எங்க இருக்குன்னு வழி காட்டும், அவ்வளவுதான். ஃபைலு சி-யில இருந்திருக்கு."

சாயங்காலம்வரை என்னென்னவோ செய்து பார்த்தார். கிடைக்கவில்லை. அவளை இரண்டாம் முறை பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன இருந்துச்சு அதுல?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என் பேரு. அவ சொன்னது."

"அவளா? உங்க பேரயா?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்புடிச் சொன்னா மாப்ள?" என்றார்.

அவளைப் போலவே செருமிக்கொண்டு என் பெயரைச் சொன்னேன். கோயிலில் அர்ச்சகரிடம் சொல்வேனே, அப்படித்தான் வந்தது.