பாக்கியம் சிஸ்டரும் இரண்டு விரற்கடையும்

பாக்கியம் சிஸ்டர் காலமான செய்தியை அவருடன் வேலை பார்த்த மேரி சிஸ்டர்தான் சொன்னார். காலை ஏழு மணிக்குத் தொலைபேசி. "சார், அக்கா போயிட்டாவ. மூணு மணிக்கு எடுக்காவ." பாக்கியம் சிஸ்டர் சிறுநீரகம் பழுதாகி ஓராண்டாகப் படுத்திருந்தவர். ராதாபுரம் வட்டாரத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தார். அவரை நன்கு அறிந்தவர்கள் உங்களில் பலர். நான் அவரோடு பேசியது இரண்டே முறை. அதை எழுதி வைக்கிறேன்.

முதல் முறை தங்கையாவை அழைத்துப் போனபோது. தங்கையா என் மனைவியின் ஊரில் பனையேறுகிறவர். நாங்கள் அங்கே போயிருந்த அன்று, முற்பகலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "வாயுதான் சார், ஒரு சோடா குடிச்சா அடங்கிரும்" என்றவரைக் கட்டாயப்படுத்திக் காரில் ஏற்றினேன்.

அந்த மருத்துவமனையில் இ.சி.ஜி. கருவியோடு செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றை இணைத்திருந்தார்கள். இதயத்தின் பதிவை அது ஒரு நிமிடத்துக்குள் படித்துவிடும். மாரடைப்பின் அடையாளம் கண்டால் திரையில் சிவப்பு வரும். அப்போதே திருநெல்வேலியில் உள்ள இதய மருத்துவருக்கும் தகவல் போய்விடும். நோயாளி போய்ச் சேருமுன் அங்கே எல்லாம் தயாராக இருக்கும். மேரி சிஸ்டர் தங்கையாவின் நெஞ்சில் கருவியின் ஒட்டுவில்லைகளை ஒட்டிப் பதிவு எடுத்தார். பச்சை வந்தது. அவசரம் இல்லை.

"நான்தான் சொன்னேம்லா" என்று தங்கையா எழுந்திருக்கப் பார்த்தார்.

பக்கத்துக் கட்டிலருகே நின்ற பாக்கியம் சிஸ்டர் வந்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை, தங்கையாவின் நெஞ்சைப் பார்த்தார். பனையை அணைத்து அணைத்து ஏறியதில் அது காய்த்துத் தடித்திருந்தது.

"மேரி, தள்ளி ஒட்டியிருக்கியா?"

"காய்ப்புல ஒட்ட மாட்டேங்குக்கா. ரெண்டு விரக்கடை தள்ளி ஒட்டினேன். பதிவு சுத்தமாத்தான வந்திருக்கு?"

"சுத்தமாத்தான் வரும். எடம் வேறல்லா."

ஒட்டிய வில்லைகளை உரித்துவிட்டு, ஈரத்துணியால் காய்ப்பைத் தேய்க்கத் தொடங்கினார்.

"பசையெல்லாம் பத்தாது தாயி, ஆணிதான் அடிக்கணும்" என்றார் தங்கையா.

"அடிச்சிருவோம் அண்ணாச்சி. ஆடாம கெடங்க."

உரிய இடங்களில் ஒட்டி மறுபடி எடுத்தபோது திரை சிவந்தது. பிரசவ அறையிலிருந்து டாக்டர் ஓடிவந்தார். கால் மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் புறப்பட்டது. திருநெல்வேலியில் அடைப்பை நீக்கினார்கள். தங்கையா பிழைத்தார்.

செயலியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கணக்கு வாத்தியார். கரும்பலகையில் 68 என்பதை 86 என்று எழுதிப் போட்டுவிட்டால், நன்றாகப் படிக்கிற பிள்ளை 86-க்குத்தான் சரியாக விடை எழுதும். பிழை அதன் நோட்டில் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து நானும் தங்கையாவும் கருப்பட்டியோடு பாக்கியம் சிஸ்டரைப் பார்க்கப் போனோம். வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னதை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

"இந்தச் செயலி வந்த புதுசுல இன்னொரு பனையேறி வந்தாரு சார். அவருக்குத் தள்ளி ஒட்டினது நான். பச்சை வந்துது. பெஞ்சுல உக்கார வச்சேன். அங்கனயே போயிட்டாரு. பொறவு பதிவை எடுத்துப் பார்த்தப்பதான் புரிஞ்சுது. அது பொய் சொல்லல. நான்தான் வேற எடத்தைக் காட்டிட்டு அதுகிட்ட கேட்டேன்."

யாரும் அவரிடம் விளக்கம் கேட்கவில்லை. அவரே அந்த வீட்டைத் தேடிப் போய், இறந்தவரின் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். தள்ளி ஒட்டக் கூடாதென்று எல்லாச் செவிலியருக்கும் சொன்னாராம். "இருந்தும் அவசரத்துல கை தள்ளித்தான் போவுது" என்றார்.

"அந்தம்மா என்ன சொல்லிச்சு?" என்று தங்கையா கேட்டார்.

"ஏசல. 'அன்னைக்கு ஒண்ணும் சாப்பிடாம வந்தாரு, டீயாவது வாங்கிக் குடுத்தியளா'ன்னு மட்டும் கேட்டா. குடுத்தேன்னு சொன்னேன்."

அடக்கம் முடிந்து பாளையங்கோட்டைக்குத் திரும்புகையில், அவரிடமிருந்து எனக்கென்று என்ன வைத்துக்கொள்வது என யோசித்தேன். அந்த வீட்டுக்கு அவர் போய் நின்றதைத்தான் வைத்துக்கொண்டேன். பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர், அவருடைய விடைத்தாளில் நான் மதிப்பெண்ணைத் தவறாகக் கூட்டியதால் தேர்வில் தோற்று ஓராண்டு இழந்தார். அது என் பிழை என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. நாளைக் காலை அங்கே போகிறேன்.